கட்டை இல்லாத அட்டி: கிடங்கு நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

சேலத்தில் எங்கள் சரக்கை வாங்கி வைத்துக் காத்துத் தரும் கிடங்கின் நிர்வாகக் குழுவினருக்கு,

கேட் அருகே அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தோம். அடுத்த மாதம் முதல் அட்டி, அதாவது மூட்டைகளை அடுக்கிக் கட்டும் குவியல், 10 அடுக்கிலிருந்து 18 அடுக்காக உயரும். அடியில் கிடக்கும் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தாள் விரிக்கப்படும். சுவரோரச் சந்திலும் அட்டிகளுக்கு நடுவே உள்ள சந்திலும் மூட்டை போடப்படும். அட்டிக்கு அட்டி தொங்கும் இருப்பு அட்டை இனி கிடையாது, கணினியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மரவள்ளிக் கிழங்கு அரவை சீசன் வருகிறது, வரத்து கூடும், இடம் போதாது.

இடம் போதாது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு நீங்கள் கண்டிருக்கும் வழியைத்தான் ஏற்க முடியவில்லை. கிடங்கின் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். இதே யோசனை வேறு கிடங்குக்காரர்களிடமும் ஓடிக்கொண்டிருப்பதால் எல்லோர் பார்வைக்கும் வைக்கிறோம். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், ஸ்டார்ச் வியாபாரிகள், விலைக்காக மஞ்சளை இருப்பு வைத்திருப்பவர்கள், ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து காபியும் மிளகும் இறக்குபவர்கள், அங்கே மூட்டை சுமப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது.

கட்டையிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் கிடங்கில் முதலில் கெடுவது அடி மூட்டைதான். சிமெண்டுத் தரை பார்வைக்குக் காய்ந்திருக்கும். மண்ணில் உள்ள ஈரத்தை அது ஓயாமல் மேலே இழுத்துக்கொண்டிருக்கும். வெறுந்தரையில் ஒரு தாளை விரித்து, சில நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள், அடிப்பக்கம் நீர் கோத்திருக்கும். தாள் அந்த ஈரத்தைத் தடுக்கிறது என்பது சரி. ஆனால் மூட்டையிலிருந்து கீழே இறங்கும் ஈரத்துக்கும் அதே தாள் தடையாக நிற்கிறது. போக வழியில்லாத ஈரம் சாக்கிலேயே தங்கும். ஸ்டார்ச் என்றால் கட்டி தட்டும். ஜவ்வரிசி என்றால் மணி மங்கிப் புளித்த வாடை ஏறும். இரண்டுமே வெண்மைக்கு விலை போகிற சரக்கு. வாங்க வருகிறவர் குத்தூசியைச் செருகி எடுத்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, விலையைக் குறைத்துவிட்டுப் போவார். அந்தக் குறைவு உங்கள் வாடகைச் சீட்டில் வராது, எங்கள் கணக்கில்தான் வரும்.

தாளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தரை, அதன் மேல் தாள், அதன் மேல் கட்டை, கட்டை மேல் பாய், பிறகு மூட்டை என்பது வரிசை. கட்டை நான்கிலிருந்து ஆறு அங்குல உயரம் இருந்தால் போதும். கட்டையின் மரச்சட்டங்கள் கதவிலிருந்து உள்ளே காற்று போகும் திசையில் நீளவாக்கில் கிடக்க வேண்டும். குறுக்கே போட்டால் முதல் சட்டமே காற்றை மறித்துவிடும், கட்டை போட்டும் போடாத கதைதான். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி அதிகமானால் மூட்டையின் வயிறு தொங்கித் தரையைத் தொடும். ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தால் சாக்கு கிழியும். உங்கள் கிடங்கில் இப்போது கிடக்கும் கட்டைகளில் பாதி உடைந்தவை என்பது எங்களுக்கும் தெரியும். உடைந்ததற்கு மாற்றுக் கட்டை வாங்க வேண்டுமே தவிர, மிச்சத்தையும் எடுத்துப் போடக்கூடாது.

இந்த ஊரின் மழையையும் கணக்கில் எடுங்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றியுள்ள பழைய தெருக்களிலும் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து வாசற்படி தாழ்ந்துவிட்டது. ஐப்பசியில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் நுழைகிறது. இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டை மேல் உள்ள மூட்டையைத் தொடாது. தாள் மேல் உள்ள மூட்டையோ அதை உறிஞ்சிக்கொள்ளும். ஓர் அட்டியின் அடி அடுக்கில் 100 மூட்டை, மூட்டை 90 கிலோ என்றால் 9 டன் சரக்கு ஒரே மழையில் போகும். அதற்கு மேல் இருப்பதையும் நனைந்த அடுக்கின் மேல் நிறுத்தி வைக்க முடியாது. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அட்டி கட்ட வேண்டும்.

தண்ணீர் மேலேயிருந்தும் வரும், மழையே இல்லாத மார்கழியிலும் வரும். தகரக் கூரை பகலில் காயும்போது சரக்கிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று கூரைக்கடியில் போய்த் தேங்குகிறது. விடிகாலையில் தகரம் குளிர்ந்ததும் அந்த ஈரம் நீராகி உச்சி மூட்டைகளின் மேல் சொட்டுகிறது. கூரை ஒழுகுகிறது என்று ஆள் வைத்துத் தார் பூசியும் நிற்காத சொட்டு பெரும்பாலும் இதுதான். உச்சிக்கும் கூரைக்கும் நடுவே நல்ல இடைவெளியும், சுவர் மேலுள்ள காற்றுச் சாளரங்கள் திறந்தும் இருந்தால் ஈரம் வெளியே போய்விடும். மூட்டைக்கு 9 அங்குலக் கனம் என்று வைத்தால் 10 அடுக்கு ஏழரை அடி, 18 அடுக்கு பதின்மூன்றரை அடி. பக்கச்சுவர் 16 அடி உள்ள கூடத்தில் சுவரோரம் மிஞ்சுவது இரண்டரை அடி. அந்த உயரத்தில் சாளரங்களையே மூட்டைகள் அடைத்துவிடும்.

உயரத்தின் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறோம். 10 அடுக்கில் அடி மூட்டை சுமப்பது 9 மூட்டை, 810 கிலோ. 18 அடுக்கில் 17 மூட்டை, 1,530 கிலோ. இந்தப் பாரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் ஸ்டார்ச்சைத் தடியால் தட்டித்தான் உடைக்க வேண்டும். ஜவ்வரிசி மணி உடைந்து மாவு உதிரும். மஞ்சள் விரலி முறியும், முறிந்த மஞ்சளுக்கு விரலி விலை கிடைக்காது. ஒரு மூட்டை ஏறக்குறைய ஆறு சதுர அடியில் படுக்கிறது. 18 அடுக்கு என்றால் சதுர அடிக்கு 270 கிலோ. தரையில் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும் இரண்டாம் கூடத்தில் இந்தப் பாரத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டினீர்களா?

அட்டி சரிவது பாரத்தால் மட்டும் நடப்பதில்லை, கட்டும் விதத்தாலும் நடக்கிறது. ஓர மூட்டைகள் ஒரு அடுக்கில் நெடுக்காகவும் அடுத்த அடுக்கில் குறுக்காகவும் படுத்துப் பின்னிக்கொள்ள வேண்டும். தையல் வாய் உள்பக்கம் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் ஒரு நூல் அறுந்தாலும் மூட்டை இளைக்கும், இளைத்த மூட்டையின் மேல் உள்ள வரிசை அந்தப் பக்கமே சாயும். எட்டாவது அடுக்குக்கு மேல் விளிம்பைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும், அதற்கு உயரத்தை இன்னும் குறைக்க வேண்டும். கொக்கி போட்டு இழுத்தால் அதன் நெசவு பிரிந்துவிடும். பிரிக்கும்போது உச்சியிலிருந்துதான் படிப்படியாக இறங்க வேண்டும். அவசர லோடு என்று முன்பக்கத்து நடு மூட்டையை உருவினால் மேலே நிற்பது தலையில் வரும். ஏழரை அடியில் இருந்து வந்தால் காலை ஒதுக்கிக்கொள்ள நேரம் இருக்கும். பதின்மூன்றரை அடியில் இருந்து வரும்போது, சந்தும் இல்லாத இடத்தில், ஒதுங்க எங்கே போவது?

சுமப்பவர்களுக்கு வேறொன்றும் இருக்கிறது. ஓர் ஆள் கையால் தூக்கும் பாரத்துக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்த உச்சவரம்பு 55 கிலோ. நம் ஊரில் 90 கிலோ மூட்டை இன்னும் முதுகில் ஏறுகிறது. அதைத் தரைமட்டத்தில் சுமப்பது ஒரு பாடு. மூட்டைகளையே படியாக்கி இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறுவது வேறு பாடு. சுற்றறிக்கையில் ஏற்று இயந்திரம் பற்றி ஒரு வரி இல்லை, கூடுதல் கூலி பற்றியும் இல்லை. இயந்திரப் பட்டை ஒன்றை வாங்கிவிட்டு உயரத்தைப் பற்றிப் பேசியிருந்தால் குறைந்தபட்சம் பேச்சுக்காவது ஓர் அடிப்படை இருந்திருக்கும்.

சந்து பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் 'வீணாகும் இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

100 அடி நீளம், 55 அடி அகலம் உள்ள உங்கள் பெரிய கூடத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர் ஓரமும் இரண்டரை அடி விட்டால் 95 அடிக்கு 50 அடி மிஞ்சும். 30 அடிக்கு 20 அடி அட்டிகளை இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்றாகப் போடலாம். வரிசைக்குள் அட்டிக்கு அட்டி இரண்டரை அடிச் சந்து, இரண்டு வரிசைக்கும் நடுவே 10 அடிப் பாதை. ஆறு அட்டி, 3,600 சதுர அடி. 5,500 சதுர அடியில் நூற்றுக்கு 65. அடுக்குக்கு 100 மூட்டை, 10 அடுக்கு, ஆறு அட்டிக்கு 6,000 மூட்டை. உங்கள் திட்டப்படி கதவருகே கொஞ்சம் விட்டுச் சுவரோடு சுவராக நிரப்பினால் அடுக்குக்கு 850, 18 அடுக்குக்கு 15,300. இரண்டரை மடங்கு. காகிதத்தில் இந்தக் கணக்கு யாரையும் மயக்கும்.

இனி டெலிவரி கேட்டு வருகிறோம் என்று வையுங்கள். 55 அடி ஆழத்தில், பின்சுவர் ஓரத்தில் ஒருவரின் சரக்கு. அவருக்கு 100 மூட்டை வேண்டும். முன்னால் இருக்கும் மூன்று பேரின் மூட்டைகளை இறக்கி, வெளியே எங்கேயாவது வைத்து, அவருடையதை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். வெளியே வைக்க இடமும் இல்லை, ஏனென்றால் சந்தை அடைத்தாயிற்று. அதற்கான மறு அட்டிக் கூலியை யார் கொடுப்பது என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. இப்போதுள்ள வழக்கப்படி அது எங்கள் தலையில்தான் விழும். இறக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் சாக்கு தேயும், சிந்தும், எடை குறையும். லாரி வாசலில் காத்திருக்கும், காத்திருப்புக் கூலி தனி.

நடப்பது என்னவென்றால், பின்னால் இருப்பதை யாரும் எடுக்கவே மாட்டார்கள். நேற்று வந்தது இன்று போகும், ஆறு மாதத்துக்கு முன் வந்தது அங்கேயே கிடக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி ஒழுங்குக்காக மட்டும் ஏற்பட்டதில்லை, உணவுப் பொருளை வைத்திருக்கும் கிடங்குக்கு அது உரிமத்தோடு வரும் கடமை. உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை இதைச் சொல்கிறது. தரையிலிருந்து உயர்த்தியும் சுவரிலிருந்து விலக்கியும் வைக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அதாவது உங்கள் சுற்றறிக்கையின் இரண்டு வரிகள் உங்கள் உரிமத்துக்கே எதிராகப் போகின்றன.

சந்துக்கு இன்னொரு வேலை பூச்சிமருந்து. மஞ்சளை விலைக்காக ஒன்றிரண்டு வருடம் வைத்திருப்பார்கள், அதில் சிகரெட் வண்டு துளைபோடும். ஜவ்வரிசியிலும் மாவிலும் செவ்வண்டு வரும். காபிக்கொட்டையைத் துளைக்கும் கூன்வண்டு காபியோடு நிற்பதில்லை, உலர்ந்த மரவள்ளி வில்லையையும் மஞ்சளையும் இஞ்சியையும் தின்னும். ஏற்காட்டிலிருந்து இறங்கும் காபியும் ஆத்தூர்ப் பக்கத்து வில்லையும் ஒரே கூடத்தில் சந்தித்தால் அந்த வண்டுக்குக் கல்யாண விருந்து. ஆக, புகைமூட்டம் போட்டே ஆக வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு 3 கிராம் மாத்திரை, டன்னுக்கு மூன்று என்பது நடைமுறை. 1,000 மூட்டை அட்டி 90 டன், மாத்திரை 270. அட்டியை வாயு கசியாத உறையால் நாலாபுறமும் தரைவரை மூடி, விளிம்பு முழுவதும் மணல் நிரப்பிய துணிக்குழாயைக் கிடத்தி அழுத்தி, ஏழு நாள் விட வேண்டும். உறையை இறக்கவும் மணற்குழாயைக் கிடத்தவும் நாலு பக்கமும் ஆள் நடக்க இடம் வேண்டும். சுவரோடு ஒட்டிய அட்டியை மூடவே முடியாது. அப்போது மருந்து போடுபவர் மாத்திரைகளை மூட்டை இடுக்கில் செருகி, ஷட்டரை இறக்கிவிட்டுப் போவார். வாயு கூரை இடுக்கு வழியே வெளியேறும். பாதி வண்டு பிழைக்கும், பிழைத்த வண்டின் சந்ததி அந்த மருந்துக்கு மசியாது. வெளியேறும் வாயு எங்கே போகிறது என்றும் பாருங்கள். உங்கள் கிடங்குச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அந்த மாத்திரையிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் உயிரைக் குடிக்கும் வாயு. அதனால்தான் அதைப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர் மட்டுமே கையாள வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. செப்புக் கம்பியையும் அது அரிக்கும், எனவே மின் இணைப்புகளும் விளக்குகளும் அட்டிக்கு மேல் இல்லாமல் பாதைக்கு மேல் இருப்பதே நல்லது. தீ விபத்து என்றால் ஆள் உள்ளே போகவும் அதே பாதைதான்.

எந்தச் சரக்கு எதன் பக்கத்தில் இருக்கலாம் என்பதைச் சுற்றறிக்கை தொடவே இல்லை, 'கிடைத்த இடத்தில்' என்று மட்டும் சொல்கிறது. காபி பக்கத்து வாடையை வாங்கிக்கொள்ளும். மிளகாய், மிளகு, டீசல், உரம் எது பக்கத்தில் இருந்தாலும் கோப்பையில் தெரியும். காபியை 10 முதல் 12 விழுக்காடு ஈரத்தில் உலர்த்திக் கொண்டுவந்தும், அரவையில் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் உலர்த்திய பாடு வீண். திப்பி தானும் பூசணம் பிடிக்கும், பக்கத்தையும் கெடுக்கும். அதற்குத் தனிக் கொட்டகை போதும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தரையில் வழியவிடும், அது உணவுச் சரக்கு இருக்கும் கூடத்துக்குள் நுழையவே கூடாது. வரவு வைக்கும்போதே ஈரமானியைச் செருகிப் பார்த்து, அளவுக்கு மேல் இருந்தால் தனியே இறக்குங்கள். களத்திலிருந்து மாலைச் சூட்டோடு மூட்டை பிடித்து வரும் ஜவ்வரிசியையும் ஓர் இரவு ஆறவிட்டுத்தான் அட்டியில் ஏற்ற வேண்டும். சூடான மூட்டை அட்டிக்குள் வியர்க்கும்.

கணினிக்கு வருவோம். வாங்கியது நல்ல காரியம். ஆனால் மூட்டை எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். 'இருப்பு 640' என்று திரை காட்டும், எந்தக் கூடம், எந்த வரிசை, எந்த அட்டி என்று கேட்டால் மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டும். அவர் விடுப்பில் போனால் கிடங்கே விடுப்பில் போன மாதிரி. தரையில் நான்கு அங்குல மஞ்சள் கோடு போட்டு ஒவ்வொரு அட்டி இடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள்: 2-ஆ-3 என்றால் இரண்டாம் கூடம், ஆ வரிசை, மூன்றாம் அட்டி. வரவு போடும்போது அந்த எண் இல்லாமல் பதிவை ஏற்காதபடி கணினியை அமைக்கலாம். அட்டியில் தொங்கும் அட்டையில் சரக்கு யாருடையது, வந்த தேதி, லாட் எண், வந்த எண்ணிக்கை, போனது, மீதி, கடைசியாக மருந்து போட்ட நாள் ஆகியவை இருக்கட்டும். கணினியும் அட்டையும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். அட்டையை எடுத்துவிட்டால் ஆண்டுக் கடைசியில்தான் தெரியும், அப்போது யார் எடுத்தது, எப்போது சிந்தியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

எண்ணுவதும் சந்தோடு சேர்ந்த விஷயம். ஒழுங்காகக் கட்டிய அட்டியை நாலு பக்கமும் சுற்றி வந்து நீளம், அகலம், உயரம் பெருக்கினால் இருப்பு தெரிந்துவிடும். நாளுக்கு ஓர் அட்டி எண்ணினால் கூடம் முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடியும், டெலிவரியை நிறுத்த வேண்டாம். சுவரோடு ஒட்டிய 15,300 மூட்டையை எப்படி எண்ணுவீர்கள்?

உங்கள் கிடங்கு 2007ஆம் ஆண்டுக் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றது. அதை நம்பித்தான் உங்கள் மின்னணு ரசீதை வைத்து வங்கியில் கடன் வாங்குகிறோம். கவனமும் முன்யோசனையும் உள்ள ஓர் உரிமையாளர் தன் சொந்தச் சரக்கை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும், தவறினால் சேதத்துக்குக் கிடங்குக்காரர் பொறுப்பு என்பது அந்தச் சட்டத்தின் சொல். ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கோடு கலக்காமல், அடையாளம் தெரியும்படி தனித்து வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கட்டையை எடுப்பதும் சந்தை அடைப்பதும் அட்டையை நிறுத்துவதும் உங்கள் சொந்தச் சரக்குக்கு நீங்கள் செய்யக்கூடிய காரியமா? 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்கும் மூட்டை புளித்த வாடையோடு மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போய்ச் சேர்ந்தால் கெடுவது ஓர் ஆலையின் பெயர் மட்டும் இல்லை.

இடம் வேண்டும் என்றால் முதலில் கிடங்குக்குள் பாருங்கள். கிழிந்த சாக்குக் குவியல், பழைய தராசு, உடைந்த கட்டை, கேட்பாரற்ற சரக்கு எல்லாம் முதல் கூடத்தின் ஒரு மூலையையே பிடித்திருக்கின்றன. ஆறு மாதத்தைத் தாண்டிய சரக்குக்கு வாடகையைப் படிப்படியாக ஏற்றுங்கள். எங்களில் சிலருக்கு இது கசக்கும், ஆனாலும் நியாயம். ஐம்பது நூறு மூட்டை வைத்திருப்பவருக்கு ஓர் அட்டி இடம் முழுவதையும் கொடுப்பதால்தான் பாதி அட்டிகள் அரைகுறையாக நிற்கின்றன. சிறு லாட்டுகளுக்கு ஒரு பக்கம் இரும்பு ராக் போட்டால் உயரத்தையும் பயன்படுத்தலாம், ஒன்றின் பாரம் இன்னொன்றின் மேல் விழாது. ஒவ்வொரு தட்டிலும் அது தாங்கும் எடையை எழுதி ஒட்டுங்கள், வளைந்த காலை அன்றே மாற்றுங்கள். நவராத்திரிக்கு முன் வடக்கே போகும் ஜவ்வரிசியைக் கதவோரமும், நூற்பாலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் மாதம் ஒருமுறை போகும் ஸ்டார்ச்சை உள்ளேயும் வைத்தால் நடையும் கூலியும் குறையும். லாரிகளுக்கு வரத்து நாளை முன்கூட்டியே ஒதுக்கித் தாருங்கள். இத்தனைக்குப் பிறகும் போதாது என்றால் சீசன் மாதங்களுக்கு மட்டும் வேறொரு கூடத்தை வாடகைக்குப் பிடியுங்கள். அந்தச் செலவில் பங்கு கேட்டால் பேசுவதற்கு நாங்கள் தயார்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். 90 கிலோ மூட்டைக்கு அட்டி உயரம் 10 அடுக்கைத் தாண்டக் கூடாது, பிளாஸ்டிக் சாக்குக்கு அதிலும் குறைவாக. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் உடைந்த கட்டைகள் அத்தனையையும் மாற்றி, ஷட்டர் வாசல்களில் ஆறு அங்குலத் திட்டு கட்டுங்கள். சுவரோரமும் அட்டிக்கு அட்டியும் இரண்டரை அடி, நடுவே 10 அடிப் பாதை, இதைத் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். இருப்பு அட்டை தொடரட்டும், அட்டி எண்ணைக் கணினியில் ஏற்றுங்கள், எண்ணிய விவரத்தை வாரம் ஒருமுறை சரக்குக்காரருக்கு அனுப்புங்கள். காபி, மிளகாய், திப்பி மூன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குங்கள், உரம் உணவுக் கூடத்துக்குள் வரக்கூடாது. மருந்து போடும் நாளை அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் சுமைப்பணியாளர்களுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். மறு அட்டிக் கூலி நிர்வாகத்தின் செலவு என்று ஒப்பந்தத்தில் சேருங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் ஒரு நாளைக் குறித்து, ஆலைக்காரர்கள், வியாபாரிகள், தோட்டக்காரர்கள், சுமைப்பணியாளர்கள் தரப்பில் இரண்டு இரண்டு பேரை அழைத்து, கூடத்தின் தரைப்படத்தை மேஜை மேல் விரித்து வைத்துப் பேசுங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள். அதுவரை புதிய முறையில் கட்டும் எந்த அட்டியிலும் எங்கள் மூட்டைகளை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிடங்கில் சரக்கு வைத்திருப்போரும் சுமைப்பணியாளர்களும்,
சேலம்.